முடுக்கியைக் கழற்றுதல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. துகள் முடுக்கியைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 2026-இன் நடுவில் தொடங்கத் திட்டமிட்டுள்ள நீண்ட நிறுத்தம் 2030 வரை செல்லும் என்று அதில் ஒரு வரி வருகிறது. அதைத் தாண்டிப் படிக்க மனம் ஓடவில்லை. நான் அனல்மின் நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டர்பைனைப் பிரித்து, ரோட்டரை வெளியே எடுத்து, சரிபார்த்து, திரும்பப் பூட்டி ஒப்படைக்க எங்களுக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். ஒரு நாள் தாமதமானாலும் பதில் சொல்லியாக வேண்டும். உலகின் தேர்ந்த பொறியாளர்களை வைத்திருப்பவர்களுக்குச் சில காந்தங்களைக் கழற்றி மாற்ற ஏன் இத்தனை ஆண்டுகள்? பழையதைக் கழற்றி வெளியே போடுவதில் அப்படி என்ன திட்டம் வேண்டியிருக்கிறது?

என் பேரன் இயந்திரப் பொறியியல் படிக்கிறான். இயற்பியல் படிக்காதவனுக்கு அங்கே இடம் உண்டா என்பதையும் எழுதினால் நல்லது.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

ரோட்டரைத் தூக்கி எடுத்த அனுபவம் உள்ள ஒருவரிடமிருந்து இந்தக் கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. முடுக்கி நிறுத்தப்பட்டது என்று செய்தி வரும்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் விடுமுறைக்குப் போய்விட்டதைப் போலவே எழுதுகிறார்கள். ஆனால் அந்த முடுக்கியின் மிகக் கடினமான வேலைகள் நடப்பது அப்போதுதான். அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று எனக்கும் நெடுநாள் ஆசை.

முதலில் ஒன்று. அந்த நான்கு ஆண்டுகளும் கழற்றுவதற்கு மட்டுமானவை அல்ல. புதியதைப் பொருத்துவது, மீண்டும் குளிர்விப்பது, சோதிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். நிலத்தடிச் சுரங்கத்தில் அமைந்த 27 கிலோமீட்டர் முடுக்கி வளையத்தில் மாற்றப்படுவது மொத்தம் 1.2 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் அந்தப் பகுதியின் முக்கியமான இடங்கள் அட்லஸ், சி.எம்.எஸ். ஆகிய இரு பெரும் ஆய்வுக்கருவிகளின் இரு பக்கங்களிலும் அமைந்திருக்கின்றன. மோதலுக்குச் சற்று முன் புரோட்டான் கற்றையை ஒடுக்கிக் குவிக்கும் காந்தங்கள் அங்கேதான் இருக்கின்றன. மோதலில் சிதறும் துகள்கள் ஆண்டுக்கணக்கில் தாக்கியதும் அவற்றைத்தான். அதனால் அந்தக் காந்தங்களின் எஃகும் செம்புமே கதிரியக்கம் உடையனவாகிவிட்டன.

உங்கள் டர்பைனைத் திறக்கும் முன் உறை ஆறும்வரை காத்திருப்பீர்கள். இங்கே நேர்மாறாக, முதலில் சூடாக்க வேண்டும். எல்.எச்.சி. காந்தங்கள் 1.9 கெல்வினில், அதாவது மைனஸ் 271 டிகிரி செல்சியஸில், திரவ ஹீலியத்தில் மூழ்கி இருக்கின்றன. வளையம் எட்டுப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பிரிவின் ஹீலியத்தை வெளியேற்றி அறை வெப்பநிலைக்குக் கொண்டுவரவே வாரக்கணக்கில் ஆகிறது. குளிரில் சுருங்கிய உலோகம் அப்போது மீண்டும் நீள்கிறது. மீட்டருக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர், 15 மீட்டர் காந்தத்துக்கு நாலரை சென்டிமீட்டர். அந்த நீட்சியைத் தாங்கத்தான் காந்தங்களுக்கு இடையே மடிப்புக் குழாய்கள் இருக்கின்றன.

சூடாக்குவதே சேதத்தை உண்டாக்கவும் கூடும். 2007-இல் ஒரு பிரிவைச் சோதனைக்காகக் குளிர்வித்துத் திரும்பச் சூடாக்கியபோது, இணைப்புகளுக்குள் இருந்த விரல் போன்ற மெல்லிய உலோகத் தகடுகள் சில மடங்கிக் கற்றை செல்லும் பாதைக்குள் நீட்டிக்கொண்டன. மூன்று கிலோமீட்டர் நீளப் பிரிவில் எந்த இணைப்பு என்று தேடி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்க முடியாது. ரேடியோ அலை பரப்பும் சிறு கருவியை மேசைப்பந்தைவிடச் சற்றுச் சிறிய பந்துக்குள் வைத்தார்கள். அதைக் காற்றழுத்தத்தால் குழாய்க்குள் செலுத்தினார்கள். கற்றையின் இடத்தைக் கண்காணிக்க வழியெங்கும் பொருத்தியிருந்த உணரிகளே பந்தின் ஒலிபரப்பையும் கேட்டுச் சொல்லின. பந்து நின்ற இடத்தில் விரல் மடங்கியிருந்தது. அதற்குப் பிறகு, ஒரு பிரிவைச் சூடாக்கினால் பந்தை அனுப்பிப் பார்ப்பது அட்டவணையில் ஏறிவிட்டது. உங்கள் துறையிலும் ஒரு தொல்லையிலிருந்து பிறந்து வழக்கமாகிவிட்ட சோதனைகள் எத்தனையோ இருக்கும்.

அடுத்தது கதிர்வீச்சு. காலத்தைக் கணக்கிடும் முறையே இங்கே மாறிவிடுகிறது. கற்றையை நிறுத்திய அன்று அந்தக் காந்தத்தின் அருகே நிற்பதும், ஆறு மாதம் கழித்து நிற்பதும் ஒன்றல்ல. சோடியம்-24 போன்ற சில ஐசோடோப்புகளின் (கதிரியக்க அணு வகைகளின்) அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், 15 மணி நேர அளவுதான். சில நாட்களில் அவை அநேகமாக இல்லாமல் போகின்றன. எஃகில் உருவாகும் மாங்கனீசு-54 பாதியாக 312 நாட்கள் வேண்டும். கோபால்ட்-60-க்கு 5.27 ஆண்டுகள். ஓராண்டு முழுக்கக் காத்திருந்தாலும் அது 12 விழுக்காடுதான் குறையும். எனவே எந்த இடத்தில் காத்திருப்பது பயன் தரும், எந்த இடத்தில் காத்திருப்பு வெறும் தாமதம் என்பதை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே கணக்கிடுகிறார்கள். கதிரியக்கம் குறைந்த பகுதிகளில் வேலையைத் தொடங்கிவிட்டு, மிகுந்த பகுதிகளில் அதைத் தேய விடுவதுதான் அட்டவணையின் முதுகெலும்பு.

பணியாளர் ஒருவர் ஓராண்டில் பெறக்கூடிய கதிர்வீச்சுக்குச் சட்ட வரம்பு 20 மில்லிசீவர்ட் (சீவர்ட் என்பது உடம்பு பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு; ஒரு மில்லிசீவர்ட் 1000 மைக்ரோசீவர்ட்). நடைமுறையில் அதற்கு வெகு கீழே நிறுத்துவதுதான் நோக்கம். ஆகவே ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்குக்கூடத் தாளில் நிமிடக் கணக்கு உண்டு. மணிக்கு 100 மைக்ரோசீவர்ட் உள்ள இடத்தில் மூன்று பேர் இரண்டு மணி நேரம் வேலை செய்தால் கூட்டு அளவு 600 மைக்ரோசீவர்ட். அதே வேலையைக் கதிரியக்கமற்ற மாதிரி ஒன்றில் பலமுறை பழகி ஒரு மணி நேரத்தில் முடித்தால் 300. இதற்கான கணினிக் கணிப்புகள், ஒத்திகைகள், அனுமதித் தாள்கள் எல்லாம் மாதக்கணக்கில் முன்பே முடிந்திருக்க வேண்டும். இதை வெறும் தாள் வேலை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளே போகும் மனிதனின் உடம்புக்காக எழுதப்படும் தாள் அது.

பாதையும் நெருக்கடியானது. சுரங்கத்தின் விட்டம் பெரும்பகுதியில் 3.8 மீட்டர். அதில் ஒரு பக்கத்தை முடுக்கியே எடுத்துக்கொள்கிறது. மிச்சமுள்ள இடத்தில் 35 டன் எடையுள்ள வளைப்புக் காந்தம் நடைவேகத்தைவிட மெதுவாக, மணிக்கு 3 கிலோமீட்டரில், ஒரு வண்டியில் போகிறது. எதிரே இன்னொன்று வர இடமில்லை. இந்த நீளக் காந்தங்களை இறக்கவும் ஏற்றவும் தகுந்த செங்குத்துக் குழி ஒன்றே ஒன்று. ஆகவே வளையத்தின் தூரத்துப் பகுதியில் ஒரு காந்தத்தை எடுக்க வேண்டுமானால், வழியில் உள்ள எல்லா அணிகளும் அந்த நேரத்துக்கு ஒதுங்கியாக வேண்டும். ஆயிரம் பேரைக் கூடுதலாக இறக்கினாலும் அந்தப் பாதை அகலமாகாது. நான்கு ஆண்டுகள் ஏன் என்பதற்கு என்னைக் கேட்டால் இதைத்தான் முதல் காரணமாகச் சொல்வேன்.

இதே சுரங்கத்தில் முன்பு லெப் என்ற எலெக்ட்ரான் முடுக்கி இருந்தது. நீங்கள் சொன்ன ‘ஒரு நாள் தாமதம்’ அங்கே பெரிய விவாதமாகவே வெடித்தது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் அதை நிறுத்திக் கழற்றத் திட்டம். கடைசிக் காலத்தில், நெடுநாள் தேடப்பட்டுவந்த ஹிக்ஸ் துகளின் தடம்போல ஏதோ 115 ஜி.இ.வி. (துகள்களின் நிறையையும் ஆற்றலையும் அளக்கும் அலகு) அருகே தென்பட்டது. ஒரு மாதம் கூடுதலாக ஓடியது. இன்னும் ஓராண்டு வேண்டும் என்று பலர் மன்றாடினார்கள். அப்போதைய தலைமை இயக்குநர் லூச்சியானோ மையானி மறுத்தார். 2000 நவம்பர் 2-ஆம் தேதி லெப் நின்றது. ஹிக்ஸ் 2012-இல் 125 ஜி.இ.வி.யில் கிடைத்தது. லெப் எட்டிய உச்ச ஆற்றல் 209 ஜி.இ.வி. ஹிக்ஸும் அதனுடன் பிறக்க வேண்டிய இசட் துகளும் சேர்ந்து 216 கேட்கும். அன்று அந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. ஆயினும் அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். கழற்றும் தேதி தள்ளிப்போனால் அதன் பின்னால் காத்திருக்கும் ஒப்பந்தங்கள் எல்லாம் தள்ளிப்போகும். அது உங்களுக்கு நன்றாகவே தெரியும்.

லெப்பைக் கழற்றியபோது பல்லாயிரம் டன் பொருட்கள் வெளியே வந்தன. எலெக்ட்ரான் இயந்திரம் என்பதால் பெரும்பகுதி கதிரியக்கம் அற்றது. ஆனால் வளையத்தின் பெரும்பகுதி பிரான்ஸ் மண்ணுக்கு அடியில் ஓடுகிறது. பிரெஞ்சு விதிகளின்படி அளவுமானியை அருகில் காட்டி ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னால் போதாது. அந்தப் பொருள் வளையத்தில் எந்த இடத்தில் இருந்தது, அந்த இடத்தில் கதிரியக்கம் உண்டாக வாய்ப்பு இருந்ததா என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, மண்டலம் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தடம் வைத்திருக்க வேண்டும். முகவரி தொலைந்த இரும்பைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப முடியாது.

நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். கழற்றுவதற்கான திட்டம் வரைபலகையிலேயே தொடங்கியிருக்க வேண்டும். கோபால்ட் குறைவான எஃகைத் தேர்ந்தெடுத்து வாங்குவது, இருபது ஆண்டுகள் கழித்து அதைத் தொடப்போகும் ஒருவருக்காக. எல்.எச்.சி.யில் கற்றையின் ஓரத்தைச் செதுக்கும் கருவிகளுக்குத் தண்ணீர், மின் இணைப்புகள் சட்டென்று விடுபடும்படி அமைக்கப்பட்டதும் அதற்காகவே. அப்படி யோசிக்காத இடங்களில் பின்னால் வருபவர்கள் துன்பப்படுகிறார்கள். 1976-இல் ஓடத் தொடங்கிய, செர்னின் மற்றொரு முடுக்கியான எஸ்.பி.எஸ்.-இல் புதிய கேபிளுக்கு இடமே இல்லாமல் போனது. பயன்படாத பழைய கேபிள்களை அடையாளம் கண்டு, உயிருள்ள ஒன்றையும் வெட்டிவிடாமல் உருவி எடுப்பதே தனித் திட்டமாக நடந்தது. கட்டியவர்கள் குறிப்பு எழுதி வைக்காததற்கு அடுத்த தலைமுறை நேரத்தால் விலை கொடுக்கிறது. இதில் எனக்கு உண்மையாகவே ஆதங்கம் உண்டு.

திட்டமில்லாமல் கழற்ற நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2008 செப்டம்பர் 19 அன்று இரு காந்தங்களுக்கு இடையே ஒரு மோசமான மின் இணைப்பு உருகி, டன் கணக்கில் ஹீலியம் சுரங்கத்துக்குள் வெடித்துக் கிளம்பியது. 53 காந்தங்களை மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. முடுக்கி மீண்டும் ஓட ஓராண்டுக்கு மேல் ஆனது. அதன் பிறகும் பாதி ஆற்றலில்தான் ஓடியது. 2013-இல் தொடங்கிய முதல் நீண்ட நிறுத்தத்தில், அதே வகையைச் சேர்ந்த 10,000-க்கும் மேற்பட்ட இணைப்புகளைத் திறந்து பலப்படுத்தினார்கள். உறையைத் திறப்பவர்கள், இணைப்பைச் சரிசெய்பவர்கள், காப்பிடுபவர்கள், சோதிப்பவர்கள், வெல்டிங் செய்து மூடுபவர்கள் என்று ஒரு அணியின் பின் ஒரு அணியாகச் சுரங்கம் முழுக்க நகர்ந்தார்கள். 2015-இல் முடுக்கி, கற்றை ஒன்றுக்கு 6.5 டி.இ.வி. (6500 ஜி.இ.வி.) ஆற்றலில் ஓடியது.

பேரனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாக இடம் உண்டு. மேலே நான் எழுதியவற்றில் பெரும்பகுதி இயந்திரப் பொறியாளரின் வேலைதான். குளிரியல், வெற்றிடத் தொழில்நுட்பம், வெல்டிங், கதிர்வீச்சுப் பாதுகாப்பு, தொலைவிலிருந்து இயக்கும் கருவிகள் ஆகியவற்றில் ஒன்றை அவர் ஆழமாகக் கற்கட்டும். இந்தியா 2017 முதல் செர்னின் இணை உறுப்பு நாடு. அதனால் இந்தியக் குடிமக்கள் அங்கே குறிப்பிட்ட காலப் பணிகளுக்கும் இளம் பட்டதாரிகளுக்கான திட்டங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். எல்.எச்.சி.யின் காந்தங்களைத் துல்லியமாக நிமிர்த்தித் தாங்கும் ஏறத்தாழ 7000 ஜாக்கிகள் இந்தியாவில் செய்யப்பட்டவை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அவர் படிக்கும் கல்லூரியில் பாதுகாப்புப் பொறியியல் விருப்பப் பாடமாக இருந்தால் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் ரோட்டரைத் தூக்கிய நாட்களில் எழுதிய பணிக்குறிப்புகள் ஏதேனும் கையில் இருந்தால் எனக்கு அனுப்ப முடியுமா? வெளியிட விரும்புகிறேன்.

அன்புடன்.