சாலை அடித்தளத்தில் ஈரம்: சிங்கப்பூர் அன்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்

துவாஸ், தள மேற்பார்வையாளர்: நேற்றிரவு மழை. இன்று ஜல்லியின் மேல் பன்னிரண்டு முறை ரோலர் ஓட்டியும் அடர்த்தி, ஆய்வகச் சோதனையில் கிடைத்த உச்ச அடர்த்தியில் 93 விழுக்காட்டிலேயே நிற்கிறது. இன்னும் எத்தனை முறை ஓட்டலாம், ஐயா?

ஒரு முறைகூட வேண்டாம். சக்கரத்துக்கு முன்னால் தளம் மெத்தைபோல் எழும்பி, சக்கரம் கடந்ததும் மீண்டும் அடங்குகிறதா என்று குனிந்து பாருங்கள். அப்படியானால் கற்களின் இடைவெளிகளை நீர் நிரப்பிவிட்டது. காற்றை நெருக்கி வெளியேற்றலாம். நீரை நெருக்க முடியாது, நுண்துகள் நிறைந்த ஜல்லியில் அது சட்டென்று வடிவதும் இல்லை. ரோலரின் எடையைக் கற்களுக்குப் பதில் நீரே தாங்கிக்கொள்கிறது.

மண் அணைகள் தொடர்பாக அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் பிராக்டர் 1933இல் வெளியிட்ட கட்டுரைகள் இதைத்தான் விளக்கின: ஈரம் குறைந்தால் துகள்கள் உராய்ந்து நின்றுவிடும், மிகுந்தால் நீரே இடத்தைப் பிடித்துக்கொள்ளும், இரண்டுக்கும் நடுவில் அடர்த்திக்கு ஓர் உச்சம் உண்டு. பலரும் கவனிக்காதது என்னவென்றால், அந்த உச்சம் இடிக்கும் விசையைப் பொறுத்து நகரும். ஆய்வகத்தில் 2.5 கிலோ சம்மட்டியை 300 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்து கிடைத்த உகந்த ஈரத்தை, 4.5 கிலோ, 450 மில்லிமீட்டர் சோதனையின் அடர்த்தியைக் கேட்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டால், மழையே இல்லாமலும் தளம் ஈரம் மிகுந்ததாகவே இருக்கும். ஆகவே ஜல்லியைக் கிளறிக் காயவிடுங்கள்; ஆய்வக அறிக்கையில் எந்தச் சம்மட்டி என்றும் பாருங்கள்.

உட்லண்ட்ஸ்: 20 டன் ஜல்லியில் ஈரம் 3 விழுக்காடு, 5 வேண்டும். எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது?

ஈர விழுக்காடு உலர் எடையின் மேல் கணக்கிடப்படுவது. 20ஐ 1.03ஆல் வகுத்தால் 19.4 டன்; அதில் 2 விழுக்காடு ஏறத்தாழ 390 லிட்டர். பல தடவையாகத் தெளித்துக் கலக்குங்கள். தண்ணீர் லாரியை ஓரிடத்தில் நிறுத்திக் குழாயைத் திறக்காதீர்கள். பின்னாளில் முதல் பள்ளம் விழும் இடம் அதுதான்.

ஜூரோங், ஓர் அன்பர்: ஊரில் ஜல்லி பரப்பி, வெள்ளமாகத் தண்ணீர் விட்டுத்தான் ரோலர் ஓட்டினோம். அந்தச் சாலைகள் இன்றும் நிற்கின்றன. நீங்கள் தண்ணீருக்கு வீணாக அஞ்சுகிறீர்கள்.

நீங்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அது வேறு வேலை. அங்கே ஏறக்குறைய ஒரே அளவுள்ள பெரிய கற்களை முதலில் உலர்வாகவே உருட்டிப் பூட்டிவிட்டு, பிறகுதான் பொடிக்கல்லைத் தூவி, தண்ணீர் விட்டு இடுக்குகளுக்குள் இறக்குகிறார்கள். கல்லோடு கல் ஏற்கெனவே முட்டி நிற்பதால் தண்ணீர் அங்கே பொடியை உள்ளே கொண்டுசெல்லும் கூலியாள். இங்கே நாம் போடும் கிரானைட் ஜல்லியில் பெரியதும் பொடியும் முன்பே கலந்து வருகின்றன; வெள்ளமாக விட்டால் நீர் இடைவெளிகளில் தங்கி, எடையைத் தானே தாங்கிக்கொள்ளும்.

அதே அன்பர்: அப்படியானால் பொடியைக் குறைத்துவிட வேண்டியதுதானே?

நல்ல மறுப்பு. குறைத்தால் நீர் வடியும். ஆனால் கற்களைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாமல் தளம் தளர்ந்து, கொட்டும்போதே பெரியதும் சிறியதும் பிரிந்துவிடும். வேலைக்கான விவரக்குறிப்பில், ஒவ்வொரு சல்லடை வழியாகவும் விழ வேண்டிய அளவுக்கு மேல் வரம்பும் கீழ் வரம்பும் இருப்பது இதனால்தான். இந்த விஷயத்தில் உங்களோடு இரவு முழுவதும் பேசலாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

செங்காங்: எத்தனை முறை ரோலர் ஓட்ட வேண்டும்?

இந்தக் கேள்வி எனக்கு வருவது இது மூன்றாவது தடவை. சாலையின் ஒரு சிறு பகுதியைச் சோதனைத் துண்டாக அமைத்து, அடர்த்தி ஏறாமல் நிற்கும் வரை எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீர் லாரியை அங்கேயும் நிறுத்தாதீர்கள்.

பொங்கோல்: அணுக்கதிர் அடர்த்திமானி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டுமா?

வேண்டும். தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் கேளுங்கள்.

தோ பாயோ: அடர்த்தி தேறிவிட்டது. இன்றே தார்க்கலவை போடலாமா?

அடர்த்தி தேறிய தளத்தில் ஈரமும் இருக்கலாம். மேலே மூடிவிட்டால் அது எளிதில் வெளியேறாது. வண்டிகளின் எடை ஏறும்போது அந்த நீர் அழுத்தம் பெற்று, விரிசல் வழியே பொடியைச் சாம்பல் நிறக் குழம்பாகப் பிதுக்கும். மேற்பரப்பு வெளுத்திருப்பதை நம்பாமல், ஓரத்தில் அடி வரை ஒரு சிறு குழி தோண்டுங்கள். கீழ்ப்பாதி கறுத்து, உள்ளங்கையில் ஈரம் ஒட்டினால், அந்த ஜல்லியில் கொஞ்சம் எடுத்து 105 பாகை செல்சியஸ் அடுப்பில் வைத்து ஈரத்தை அளந்துவிட்டுத்தான் கலவைக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.