ஒரு சாண் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

(பிளாஸ்டிக் கார் மாடல் கட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், சென்னை புதுப்பேட்டைப் பட்டறையில் கார் பெயிண்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

கேள்வி: சில பெட்டிகளில் 1:24 என்றும் சிலவற்றில் 1:25 என்றும் போட்டிருக்கிறது. எதில் தொடங்குவது? – கல்லூரி மாணவர், சேலம்

1:24 என்றால் நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு. 4.3 மீட்டர் நீளமுள்ள காரை 24-ஆல் வகுத்தால் 17.9 செ.மீ. வரும், 25-ஆல் வகுத்தால் 17.2. ஏழு மில்லிமீட்டருக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. 1:25 அமெரிக்கப் பழக்கம். அங்கே கார் ஷோரூம்களில் விளம்பரத்துக்கு வைத்த மாடல்கள் அந்த அளவில் இருந்தன, ஏ.எம்.டி. போன்ற கம்பெனிகள் அதே வழியில் கிட் (நாமே ஒட்டிக் கட்டும் பாகங்கள் அடங்கிய பெட்டி) போட்டன. ஜப்பான்காரர்களுக்கு 1:24.

முதல் கிட்டுக்கு என் ஓட்டு ஜப்பான் கம்பெனியான தாமியாவுக்கு. 1976-இல் போர்ஷே 934 மாடலை 1:12 அளவில் கொண்டுவருவதற்காக, கம்பெனியை நடத்தியவர் அதற்கு அடிப்படையான நிஜ போர்ஷே 911 கார் ஒன்றை விலைக்கு வாங்கிப் பிரித்துப் போட்டு அளவெடுத்தார். அந்தப் பிடிவாதம் அவர்களுடைய சின்ன கிட்டிலும் தெரியும், பாகங்கள் தானாகப் போய் உட்காரும். பழைய அமெரிக்க அச்சில் வருபவற்றுக்குப் பட்டியும் உப்புத்தாளும் நிறைய செலவாகும். முதல் வண்டிக்கு இன்ஜின் இல்லாத கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். பானெட்டைத் திறக்கிற ஆசை மூன்றாவது வண்டியில் வரட்டும்.

கேள்வி: கறுப்பு லாக்கர் (சீக்கிரம் காயும் பெயிண்ட்) ஸ்ப்ரே அடித்தேன். காய்ந்ததும் சாம்பல் பூசியதுபோல வெளுத்துவிட்டது. பெயிண்ட் கலப்படமா? – வேளச்சேரி வாசகர்

பெயிண்ட்டைத் திட்டாதீர்கள். கடிதத்தில் நவம்பர் தேதி போட்டிருக்கிறீர்கள், அதிலேயே விடை இருக்கிறது. பட்டறையில் இதைப் ‘பூத்துப்போச்சு’ என்போம். பெயிண்ட்டை இளக்கும் திரவமான தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது ஈரப் படலத்தின்மேல் பனியாக இறங்கி உள்ளே மாட்டிக்கொள்ளும். வெள்ளை வண்டியில் கண்ணுக்குப் படாது, கறுப்பில் ஊரைக் கூட்டும்.

சுரண்ட வேண்டாம். நன்றாகக் காயவிட்டு, வெயிலடிக்கும் ஒரு நாள் அதே பெயிண்ட்டை மெல்லிய ஒரு கோட்டாகத் தூவுங்கள். புதுக் கோட்டின் தின்னர் அடியிலிருப்பதைக் கொஞ்சம் இளக்கி ஈரத்தை வெளியே விடும், பெரும்பாலும் கறுப்பு திரும்பிவிடும். சென்னையில் மழைக்காலம் மட்டும் எதிரியில்லை. மே மாதத்திலும் மதியம் கடல்காற்று ஏறிவிட்டால் பிசுபிசுப்புதான். அதனால் காலை பத்து மணிக்குமேல், காற்று திரும்புவதற்குள் முடித்துவிடுவேன். அடிக்கும் முன் டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் தூவல் மெல்லிசாக விழும். கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது, டப்பா வெடிக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்று. போட்டோவில் கதவு இடுக்குகள் பாதி மூடிக் கிடக்கின்றன. நிஜக் காரில் அடிப்பூச்சான பிரைமர் முதல் கடைசியில் அடிக்கும் நிறமில்லாத கிளியர் வரை எல்லாம் சேர்ந்தாலும் சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான். 1:24 மாடலில் நீங்கள் 0.05 மி.மீ. அடித்தாலே, அது நிஜ வண்டியில் 1.2 மி.மீ. அப்பியதற்குச் சமம். வண்டியைச் சின்னதாக்கிவிட்டு பெயிண்ட்டை மட்டும் முழுசாக விட்டால் பொம்மையாகத்தான் தெரியும். நாலு கோட் அடிக்கலாம், ஆனால் முதல் கோட்டில் அடிப் பிளாஸ்டிக் தெரிய வேண்டும்.

கேள்வி: அப்பா அரசு அலுவலகத்தில் வெள்ளை அம்பாசடர் ஓட்டியவர். அந்த வண்டியைச் செய்து அவருக்குக் கொடுக்க ஆசை. கிட் கிடைக்கவில்லை. – தஞ்சாவூர் வாசகி

கிட்டைத் தேடி அலையாதீர்கள் அம்மா. பின்னால் இழுத்து விட்டால் ஓடும் அம்பாசடர் பொம்மை கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். நீளத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். 12 செ.மீ. இருந்தால் ஏறக்குறைய 1:36. இனி எல்லாவற்றையும் 36-ஆல் வகுக்க வேண்டும்.

அடியிலுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பாடி தனியாக வரும். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவிக் காயவைத்து, சாம்பல் பிரைமர், அதன்மேல் வெள்ளை. சுத்த வெள்ளை வேண்டாம், ஒரு துளி ஐவரி கலந்தால்தான் அரசாங்க வெள்ளை வரும். அப்பா ஓட்டியது எந்த வருஷத்து வண்டி என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை அந்த வண்டியின் முகம் சில தடவை மாறியது. கிரில் தப்பாக இருந்தால் ஓட்டியவருக்கு முதலில் அதுதான் கண்ணில் படும்.

அப்புறம் பின்சீட்டில் போர்த்திய டர்க்கி டவல். அது இல்லாமல் அதிகாரி வண்டியே இல்லை! துணியில் வெட்டிப் போட்டால் கம்பளி மாதிரி தடித்து நிற்கும். இரண்டு அடுக்கு டிஷ்யூ பேப்பரைப் பிரித்து ஒரே ஓர் அடுக்கை எடுங்கள். சீட்டின்மேல் விரித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தூரிகை நுனியால் தொட்டுவிடுங்கள், தானாகப் படிந்து மடிப்பு விழும். காய்ந்ததும் ஓரத்தில் நீலப் பென்சிலால் ஒரு கோடு. ஜன்னல் திரைக்கும் இதே டிஷ்யூதான். நம்பர் பிளேட்டைக் கம்ப்யூட்டரில் செய்து அச்செடுக்கலாம், அரை மீட்டர் பலகை 14 மி.மீ. ஆகும். சக்கரத்தின் பளபளப்பை உப்புத்தாளில் ஒரு சுற்று தேய்த்து எடுத்துவிடுங்கள், ஓடிய டயர் ஆகிவிடும்.

கேள்வி: ஹெட்லைட் கண்ணாடியை சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன். புகை படிந்ததுபோல ஆகிவிட்டது. – மதுரை வாசகர்

அந்தப் பசையின் ஆவி படிந்ததுதான். பாலிஷ் காம்பவுண்டைப் பட்ஸில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள், போகும். இனிமேல் கண்ணாடிப் பாகம் எதுவானாலும் ஃபெவிகால். காய்ந்தால் நிறமே தெரியாது, பிசகினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

கேள்வி: என் கணவர் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தப் பெயிண்ட் அடிக்கிறார். வெளிக்காற்று வருகிறதே என்கிறார். வாடை தாங்கவில்லை. – திருநெல்வேலி வாசகி

வாடையை விடுங்கள், பக்கத்தில் அடுப்பு இருக்கிறது! தின்னர் ஆவியும் டப்பாவில் வரும் வாயுவும் தீப்பிடிக்கக்கூடியவை. இன்றைக்கே மொட்டை மாடிக்கு அனுப்புங்கள். ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து முன்பக்கம் திறந்து வைத்துக்கொண்டால் தூசி விழாது. துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது, கரி ஃபில்டர் வைத்த மாஸ்க் வாங்கித் தரச் சொல்லி அவரிடமே காசு கேளுங்கள். அப்படியே உங்கள் நெயில்பாலிஷ் ரிமூவரையும் பூட்டி வையுங்கள். பெயிண்ட் எடுக்கிறேன் என்று அதைத் தொட்டார் என்றால் பிளாஸ்டிக்கே உருகும், அந்தக் கோபமும் உங்கள்மேல்தான் வரும்.