கரைச்சல் இல்லாத பிள்ளை

கேள்வி: எனக்கு 61 வயது. ஒரு திணைக்களத்தில் 34 ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றேன். அதன்பிறகு நித்திரை இல்லை. சிறிய விடயத்துக்கும் நெஞ்சு படபடக்கிறது, கோபம் வருகிறது. பிரஷர் மூன்று தடவை அளந்ததில் 150/95, 158/96, 152/94. வைத்தியர் குளிசை தந்து, மன அழுத்தம்தான் காரணம் என்கிறார். என் பிள்ளைகள் இருவரும் கொழும்பில் நல்ல தொழிலில் இருக்கிறார்கள். மனைவி ஆசிரியை. குவைத்துக்குப் போன தங்கையின் மகனும் எங்களோடுதான் நிற்கிறான், அவனால் கரைச்சல் ஒன்றும் இல்லை, தங்கை மாதம் தவறாமல் காசு அனுப்பிவிடுகிறாள். வாழ்க்கையில் ஒரு நோக்கம் இருந்தால் மன அழுத்தத்தைத் தாங்கலாம் என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். எங்கள் குடியின் (குலப்பிரிவின்) சார்பில் அம்மன் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கராக வரும்படி என்னைக் கேட்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் அந்த நோக்கம் கிடைக்குமா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, எனக்கு உங்களைவிட ஏழு வயது கூட. ஆகவே, ஆறுதல் சொல்லும் வேலையை வேறு யாருக்காவது விட்டுவிட்டு, ஏசும் உரிமையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் பிரஷரை மூன்று தடவை அளந்து, மூன்றையும் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகளின் தொழிலை எழுதினீர்கள், 34 ஆண்டுச் சேவையை எழுதினீர்கள். ஆனால், உங்கள் கூரைக்குக் கீழே நித்திரை கொள்ளும் அந்தப் பையனுக்கு எத்தனை வயது, அவன் எத்தனையாம் தரத்தில் படிக்கிறான் என்பதை எழுதவில்லை. அவனைப் பற்றி நீங்கள் சொன்னவை இரண்டே: அவனால் கரைச்சல் இல்லை, அவனுக்குரிய காசு வந்துவிடுகிறது. வாடகைக்கு இருப்பவரைப் பற்றித்தான் இப்படிப் பேசுவார்கள். தாய்மாமன் மருமகனைப் பற்றிப் பேசும் பேச்சு இதுவல்ல.

வண்ணக்கர் பதவியைப் பற்றிக் கேட்டிருப்பதால் இதையும் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நமது பகுதியில் குடி தாய்வழியாக வருவது. உங்கள் சொந்தப் பிள்ளைகள் இருவரும் உங்கள் மனைவியின் குடியைச் சேர்ந்தவர்கள். அந்த வீட்டில் உங்களைத் தவிர உங்கள் குடியில் பிறந்த ஒரே ஆள் அந்தப் பையன்தான். வண்ணக்கர் பொறுப்பே மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும் வழக்கமும் இங்கே இருந்தது. குடிக்காக அம்மன் முன்னால் நிற்கப் புறப்படும் நீங்கள், அதே குடியின் பிள்ளை உங்கள் வீட்டில் யாரோடு இருந்து சாப்பிடுகிறான் என்பதை ஒரு நாளாவது கவனித்தீர்களா?

நான் படிப்பித்த காலத்தில் என் வகுப்பில் இப்படி ஒரு பையன் இருந்தான். தாய் வளைகுடாவில்; அவன் மாமன் வீட்டில். ஒரு தவணை முழுவதும் அறுந்த செருப்பு வாரை ஊக்கு ஒன்றால் குத்திக்கொண்டு வந்தான்; நடக்கும்போது ஊக்கு திறந்து குத்தியதில் பெருவிரல் பக்கத்தில் காய்ந்த புண் ஒன்றும் இருந்தது. தாய் காசு அனுப்புகிறாரே, மாமாவிடம் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். “சொன்னா மாமாக்குக் கரைச்சல், டீச்சர்” என்றான். உங்கள் கடிதத்தில் அதே சொல்லைப் பார்த்தவுடன் அந்த ஊக்குத்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. பிறர் வீட்டில் வளரும் பிள்ளை, தன்னால் கரைச்சல் வரக்கூடாது என்பதை எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுவதற்கு முன்பே பழகிக்கொள்கிறது. அதை நீங்கள் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டீர்கள்.

இனி உங்கள் நித்திரைக்கு வருகிறேன். கருத்தரங்கில் சொன்னது பிழையில்லை. நெருக்கடி என்று மூளை கண்டுகொண்டால், அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் இரத்தத்தில் விடுகின்றன. நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. காரியம் ஒன்றைச் செய்து முடிப்பதற்காகவே உடல் அப்படித் தயாராகிறது; காரியம் முடிந்தால் இறங்க வேண்டும். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போய், தை மாதத்தில் கதிர் முற்றும் நாட்களில் வயல் வட்டையைக் காவல் காக்கும் முல்லைக்காரரைப் பாருங்கள். யானை வருமோ என்று இரவெல்லாம் விழித்திருக்கும் அவருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கையில் வெடியோடு உடல் நடுங்கும். (அவருக்குக் கடனும் இருக்கும், அவருடைய வாழ்க்கை இன்பமயமானது என்று நான் சொல்ல வரவில்லை.) ஆனால், விடிந்து, வேளாண்மை தப்பியதைக் கண்டபின் அவர் வாடியில் சரிந்து நித்திரை கொள்வார். நீங்களும் இரவெல்லாம் விழித்துத்தான் இருக்கிறீர்கள்; காப்பதற்கு எதுவும் இல்லாமல் விழித்திருக்கிறீர்கள். விடிந்தாலும் உங்களுக்குக் காவல் முடிவதில்லை.

ஜப்பானில் ஒசாக்கி என்னும் பகுதியில் 40 முதல் 79 வயது வரையான 43,000க்கும் மேற்பட்டோரிடம், இக்கிகாய் என்று அவர்கள் சொல்லும் வாழ்க்கைப் பிடிப்பு உங்களுக்கு இருக்கிறதா என்று கேட்டு, ஏழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2008இல் முடிவை வெளியிட்டார்கள். இல்லை என்று சொன்னவர்களிடையே இறப்புக் கூடுதலாக இருந்தது; குறிப்பாக இருதய, இரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்த இறப்பு. புற்றுநோயில் அந்த வேறுபாடு தெரியவில்லை. உடல் நலிந்தவருக்குப் பிடிப்பும் தளரும் என்பதால், எது காரணம், எது விளைவு என்பதை இதைக் கொண்டு அறுதியிட முடியாது. ஆகவே குளிசையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

ஆனால், நோக்கம் என்பதை நீங்கள் ஒரு கதிரையாக விளங்கிக்கொண்டிருக்கிறீர்கள். 34 ஆண்டுகள் இருந்த கதிரை போய்விட்டது, அந்த இடத்தில் போட இன்னொரு கதிரை தேடுகிறீர்கள். அலுவலகத்தில் உங்களைத் தாங்கியது கதிரையா, அல்லது கோவைக்காகக் காத்து நின்ற சனங்களா என்று யோசித்துப் பாருங்கள். காத்து நிற்கும் ஒருவன் இப்போதும் இருக்கிறான். அவன் கேட்க மாட்டான் என்பது மட்டுமே வித்தியாசம்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அவனை உங்கள் பிரஷருக்கு மருந்தாக்கிவிடாதீர்கள். அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியது உங்கள் கடமை. உங்கள் நெஞ்சு படபடப்பு அடங்காவிட்டாலும் அது கடமைதான். முதலில் பாரம் கூடவும் செய்யும். கணிதத்தில் அவன் 28 புள்ளி எடுத்து வந்தால் கோபம் வரும், டியூஷன் முடிந்து வரப் பிந்தினால் வாசலில் நின்று தவிப்பீர்கள். அந்தத் தவிப்பு, அவனுடைய சைக்கிள் மணி கேட்டதும் அடங்கிவிடும். இப்போதுள்ள தவிப்புக்கு அப்படி ஒரு மணிச்சத்தம் இல்லை.

இரவில் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவனுடைய செருப்பைப் பாருங்கள். தங்கை அனுப்பும் காசில் எவ்வளவு வந்தது, அவனுக்கு எவ்வளவு செலவானது, மிச்சம் எங்கே இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதுவினைஞராக இருந்த உங்களுக்கு அது கடினமில்லை. வெள்ளிக்கிழமை குவைத்தில் விடுமுறை. அன்று தங்கை அழைத்தால் காசைப் பற்றி அல்லாமல் மகனைப் பற்றிச் சொல்ல உங்களிடம் ஐந்து நிமிடத்துக்காவது விடயம் இருக்க வேண்டும்.

கோயில்காரரிடம் அடுத்த வைகாசிச் சடங்கு முடியும்வரை தவணை கேளுங்கள். எத்தனையாம் தரம் என்பது ஆசிரியையான உங்கள் மனைவிக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அவரிடம் கேட்காமல் அவனிடமே கேளுங்கள்.