நூலகப் பட்டியல் இணையத்தில்: சர்வர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கல்லூரியில் சுமார் 60,000 புத்தகங்கள். கோஹா (நூலகப் பட்டியலையும் புத்தகக் கொடுக்கல் வாங்கலையும் கவனிக்கும் மென்பொருள்) போட எவ்வளவு பெரிய சர்வர் வேண்டும்? (நூலகர், திண்டுக்கல்)

பெரிதாக வேண்டாம். இரண்டு கோர், 4 ஜி.பி. ரேமில் ஓடும், 8 இருந்தால் நிம்மதி. 80 ஜி.பி. எஸ்.எஸ்.டி. தாராளம். 60,000 பதிவுகள் டேட்டாபேஸில் ஒரு ஜி.பி.யை ஒட்டித்தான் வரும். அட்டைப் படங்களை கோஹாவுக்குள் ஏற்றினால் அவையும் டேட்டாபேஸிலேயே போய்ச் சேரும், பேக்கப் ஊதிவிடும். 2 ஜி.பி. ஸ்வாப் (ரேம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) கட்டாயம் வையுங்கள். ரேம் தீர்ந்தால் லினக்ஸ் முதலில் நிறுத்துவது பெரும்பாலும் கோஹாவின் டேட்டாபேஸான மரியாடிபியைத்தான். மிச்சமாகும் பணத்தில் பேக்கப்புக்கு இன்னொரு டிஸ்க் வாங்குங்கள்.

கேள்வி: பள்ளி வெப்சைட் இருக்கும் ஷேர்டு ஹோஸ்டிங்கிலேயே போடலாமா?

முடியாது. ரூட் (சர்வரின் முழு நிர்வாக) அனுமதி வேண்டும், கோஹாவின் தேடல் இயந்திரமான ஜீப்ரா பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். டெபியன் லினக்ஸ் போட்ட வி.பி.எஸ். (உங்களுக்கென்று ஒதுக்கிய மெய்நிகர் சர்வர்) எடுங்கள்.

கேள்வி: எங்கள் கோஹா ரொம்ப ஸ்லோ. என்ன செய்யலாம்?

எந்தப் பதிப்பு, எவ்வளவு ரேம், தேடலில் தாமதமா, புத்தகம் கொடுத்து வாங்குவதிலா? இதில் ஒன்றுகூட எழுதாமல் கேட்டால் ஊகிக்கத்தான் முடியும். பிளாக் (Plack, கோஹாவின் நிரலை நினைவகத்தில் தயாராக வைத்திருப்பது) ஓடுகிறதா பாருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் பெர்ல் நிரல் முழுதும் புதிதாக ஏறும். அடுத்து, வெப் சர்வரான அப்பாச்சியின் லாக் (வருகைப் பதிவு). தேடல் பக்கங்களை பாட்கள் (தானியங்கி நிரல்கள்) சுரண்டிக்கொண்டிருந்தால் அவற்றை அப்பாச்சியிலேயே தடுங்கள். அதைவிட்டு ரேம் கூட்டுவது வீண்.

கேள்வி: புது சர்வரில், எக்ஸெலில் இருந்த 18,000 பதிவுகளை ஏற்றினோம். தமிழ்த் தலைப்புகள் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. சர்வரில் தமிழ் எழுத்துரு நிறுவ வேண்டுமா? (பாடசாலை நூலகர், யாழ்ப்பாணம்)

சர்வரில் குறையே இல்லை, எழுத்துருவும் வேண்டாம். உங்கள் கோப்பு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துருவான பாமினியில் அடித்தது. 'அம்மா' என்று நீங்கள் பார்த்துவந்தது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கிறது. பாமினி எழுத்துரு போட்ட கணினியில் மட்டும் அது தமிழ். வாசகரின் கைபேசியில் குப்பை. யூனிகோடு வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பட்டியலை பாமினியில் அடிப்பது, புத்தகத்தை அலமாரியில் பூட்டிவிட்டுச் சாவியைத் தொலைப்பதற்குச் சமம்.

ஏற்றியதை கோஹாவுக்குள் திருத்த முயலாதீர்கள். முதலில் பேக்கப். பிறகு அந்தப் பதிவுகளை நீக்கிவிட்டு எக்ஸெலுக்குத் திரும்புங்கள். தமிழ் வரிசைகளைத் தனியே பிரித்து அவற்றை மட்டும் யூனிகோடாக மாற்றுங்கள். ஆங்கிலத் தலைப்பும் சேர்ந்து யூனிகோடு மாற்றி மென்பொருளில் போனால் அது சிதையும். ஒரே கட்டத்தில் இரு மொழியும் இருந்தால் கையால்தான் பிரிக்க வேண்டும். யு.டி.எஃப்-8 என்று சேமித்து, 100 பதிவை மட்டும் ஏற்றிப் பாருங்கள்.

இன்னொரு பொறி: 'கௌரி'யின் ஔகாரக் குறியை, ஒற்றைக் கொம்பும் 'ள'வும் சேர்த்து அடிப்பவர்கள் பலர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடலுக்கு வேறு வேறு சொல். ஜீப்ராவின் வழக்கமான எழுத்து அட்டவணையும் தமிழுக்குச் சரிவராது. ஐ.சி.யு.வுக்கு (யூனிகோடு மொழிகளைக் கையாளும் நிரல் தொகுப்பு) மாற்றி, முழு மறு இன்டெக்ஸ் (தேடலுக்கான அகராதியை மீண்டும் உருவாக்குவது) ஓட்டுங்கள். இன்டெக்ஸ் போடாமல் "தேடினால் வரவில்லை" என்று எழுத வேண்டாம்.

கேள்வி: தளத்தைப் பாதுகாப்பான இணைப்பில் திறக்க உதவும் எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குப் பணம் கட்டணுமா?

வேண்டாம். லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு தரும் சான்றிதழ் இலவசம். அதிகபட்சம் 90 நாள்தான் செல்லும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும்படி வையுங்கள். சர்வரின் 80ஆம் போர்ட்டை (வெளியிலிருந்து இணையக் கோரிக்கை வரும் வாசல்) மூடினால் வழக்கமான முறையில் புதுப்பிப்பு தோற்கும்.

கேள்வி: ஊழியர் பக்கத்தையும் வெளியே திறந்துவிடலாமா?

கூடாது. ஓபேக் (வாசகர் தேடும் பட்டியல் பக்கம்) மட்டும் வெளியே. உறுப்பினர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஊழியர் பக்கத்தில் இருக்கின்றன. வீட்டிலிருந்து வேலை செய்ய வி.பி.என். (நூலக நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) போதும்.

கேள்வி: கோஹா தினமும் தானே பேக்கப் எடுக்கிறதே, அது போதாதா?

போதாது. டெபியன் பேக்கேஜில் அது இரண்டு நாள் பிரதிகளை மட்டும், அதே டிஸ்க்கில் வைக்கிறது. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். தினமும் வேறு கணினிக்கு நகலெடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலி கணினியில் மீட்டு, பதிவு எண்ணிக்கை சரியா என்று பாருங்கள்.