சளி மருந்து: ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளைக்கு எதை வாங்குவது?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. பிறந்தபோது மஞ்சள் காமாலை அதிகமாக இருந்ததால் பரிசோதித்து, ஜி6பிடி என்ற நொதி குறைவு என்று சொன்னார்கள். இப்போது சளியும் காய்ச்சலும். மருந்துக் கடையில் எல்லாம் கலந்த ஒரு சிரப்பைக் கொடுத்தார்கள். இணையத்தில் ஒரு பட்டியல் பாராசிட்டமாலே கூடாது என்கிறது, இன்னொன்று கொடுக்கலாம் என்கிறது. எதை நம்புவது?
- ஒரு தந்தை, ஈரோடு

பதில்: பாராசிட்டமால் கொடுக்கலாம். எடைக்கு ஏற்ற அளவைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

பட்டியல்கள் ஏன் முட்டிக்கொள்கின்றன என்றால், இந்த நொதிதான் சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காக்கிறது. அது குறைந்தவர்களுக்குச் சில மருந்துகள் உள்ளே போனால் சிவப்பணுக்கள் மொத்தமாக உடையத் தொடங்கும். கிருமித்தொற்றும் தன்பாட்டுக்கு அதே வேலையைச் செய்யும். பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது, மாத்திரை கொடுக்கிறார்கள், இரண்டு நாளில் சிறுநீர் கறுக்கிறது. பழி மாத்திரை மேல் விழுகிறது. பழைய பட்டியல்களில் காய்ச்சல் மருந்துகள் ஏறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதற்காக ஆஸ்பிரினைத் தொடாதீர்கள். வைரஸ் காய்ச்சலில் இருக்கும் எந்தக் குழந்தைக்கும் அது ஆகாது. இந்தத் தடைக்குக் காரணம் ஜி6பிடி அல்ல.

இனி அந்தக் கலவை சிரப். இவற்றில் பெரும்பாலும் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் குளோர்பெனிரமின், மூக்கடைப்புக்குப் பினைலெப்ரின் மூன்றும் இருக்கும். வழக்கமான அளவில் இவை மூன்றுமே சிவப்பணுவை உடைப்பவையாக அறியப்பட்டவை அல்ல. ஆனாலும் நான் வாங்க மாட்டேன். பினைலெப்ரினை வாய்வழியே கொடுத்தால் மூக்கடைப்புக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட அதிகப் பலன் இல்லை என்று அமெரிக்க மருந்துத் துறையின் ஆலோசனைக் குழு 2023இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் போடும்படி நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் அதே ஆண்டு டிசம்பரில் உத்தரவிட்டது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், சரி. ஆனால் பலன் குறைவான ஒன்றுக்காக மூன்று மருந்தை ஒன்றாக ஊற்றுவானேன்? ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் எது காரணம் என்றும் தெரியாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. கலவை சிரப்பில் பாராசிட்டமால் இருப்பது தெரியாமல், காய்ச்சலுக்குத் தனியாகவும் ஒரு பாராசிட்டமால் சிரப் கொடுத்துவிடுவோம். அளவு இரட்டிப்பாகிவிடும். அதனால் தனிப் பாராசிட்டமாலாகவே கேட்டு வாங்குங்கள். அதிலும் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வீரியம் உண்டு. பாட்டில் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு வேளைக்கு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

சளிக்கு நல்லது என்று கொடுக்கும் வைட்டமின் சி சப்பும் மாத்திரை, வழக்கமான அளவில் பெரும்பாலானவர்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மிட்டாய் போல அட்டையையே காலி செய்வதும், அதிக அளவில் ஊசி, டிரிப் வழியாக ஏற்றுவதும் இந்தக் குறை உள்ளவர்களுக்கு ஆபத்து.

உண்மையில் உங்கள் வீட்டில் தேட வேண்டிய எதிரி மருந்து அலமாரியில் இல்லாமல், துணி பீரோவில் இருக்கலாம். மழையும் குளிரும் வந்தால் ஸ்வெட்டரையும் கம்பளியையும் எடுத்துப் போர்த்துவோம். அவற்றோடு மாதக்கணக்கில் கிடந்தது அந்துருண்டை. அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி குறைந்தவர்களுக்குச் சிவப்பணுவை உடைப்பதில் பேர்போனது. விழுங்க வேண்டும் என்பதில்லை, ஆவியை மூச்சில் இழுத்தாலும், துணியிலிருந்து தோல் வழியே ஏறினாலும் போதும். கைக்குழந்தைகளுக்கு இது இன்னும் மோசம். சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள், குறை இருந்தால் அந்துருண்டையை வீட்டுக்குள் விடாதீர்கள் என்றும் சொல்லி அனுப்புகிறார்கள். வாஷ்பேசினில் போடும் வெள்ளை உருண்டைகளிலும் சில நாப்தலீன்தான், பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஏற்கெனவே பீரோவில் கிடந்த துணியைத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே பையனுக்குப் போடுங்கள்.

மருந்துகளில் நிஜமாகவே பயப்பட வேண்டியவை சளிக்கானவை அல்ல. தொழுநோய்க்கும் சில தோல் நோய்களுக்கும் தரும் டாப்சோன், மலேரியாவுக்கான பிரைமாகுயின், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோபியூரன்டாயின், மருத்துவமனையில் ஏற்றும் மெத்திலீன் புளூ, ராஸ்பரிகேஸ் போன்றவை. யாரோ சாப்பிட்டு மிச்சம் வைத்த ஆன்டிபயாடிக்கை ‘இதுவும் காய்ச்சலுக்குத்தானே’ என்று கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள்.

மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், காய்ச்சல் வந்த நாட்களில் பையனின் சிறுநீரைப் பாருங்கள். ஆபத்தான ஒன்று உள்ளே போனால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அடையாளம் தெரியும். கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர், கண் மஞ்சள், முகம் வெளிறல், மூச்சு வாங்குதல் என்று எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போகும்போது மருந்து பாட்டிலையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா மகனுக்கு இந்தக் குறை இருக்கிறது. என் மகனுக்கும் பார்க்க வேண்டுமா? இப்போது அவனுக்குக் காய்ச்சல். ரத்தம் எடுக்கும்போதே சேர்த்துப் பார்த்துவிடலாம் என்கிறார்கள் பரிசோதனைக் கூடத்தில்.
- ஒரு சித்தி, தஞ்சாவூர்

பதில்: பார்ப்பது நல்லது. இது எக்ஸ் குரோமோசோமில் வருவது, பையனுக்கு அம்மாவிடமிருந்து வரும். உங்கள் அக்காவுக்கு இருப்பது உங்களுக்கும் இருக்கலாம். (உங்கள் தம்பியின் மகனுக்கு இந்த வழியில் வராது. அவனுக்கு எக்ஸ் கிடைப்பது தம்பி மனைவியிடமிருந்து.)

ஆனால் காய்ச்சலோடு சேர்த்து வேண்டாம். சிவப்பணு உடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் எடுத்தால், நொதி குறைந்த பழைய அணுக்கள் போய், நொதி கூடுதலாக உள்ள இளம் அணுக்களே மிஞ்சியிருக்கும். குறை இருந்தும் ‘நார்மல்’ என்று வரலாம். இப்போது ரத்தம் உடைந்த அறிகுறி இருந்தால் மூன்று மாதம் கழித்து எடுங்கள், வெறும் சளிக் காய்ச்சல்தான் என்றால் உடம்பு தேறியதும் எடுக்கலாம். ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜில் இது வழக்கமாக இருக்காது, தனியாகக் கேட்க வேண்டும். இருக்கு, இல்லை என்று மட்டும் சொல்லாமல் அளவைச் சொல்லும் பரிசோதனையாகக் கேளுங்கள்.

கேள்வி: சளி என்று கடையில் சொன்னால் நாலு மாத்திரையை வெட்டி, காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். பெயரே தெரிவதில்லை. பெயர் கேட்டால் முறைக்கிறார்கள்.
- வாசகர், கடலூர்

பதில்: முறைக்கட்டும். வீட்டில் ஜி6பிடி குறை உள்ளவர் இருந்தால் பெயர் தெரியாத மாத்திரையை வாங்கவே வேண்டாம். முழு அட்டையாக வாங்குங்கள், அல்லது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்திலிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள். பில் கேளுங்கள், தொகுதி எண் அதில் இருக்கட்டும். பிராண்ட் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரே பெயருக்குப் பின்னால் ‘பிளஸ்’, ‘கோல்டு’ என்று ஒரு வால் ஒட்டினாலே உள்ளே இருப்பது வேறாகிவிடும். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் குறி கட்டாயம். எழுத்து பொடியாக இருந்தால் கைபேசியில் ஸ்கேன் செய்து மருந்தின் பொதுப் பெயரைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.