ராக்கெட் நொடிக்கு 11.2 கி.மீ. வேகம் எடுத்தே ஆகணுமா? சூரியனில் இருக்கிற அணுசக்தியை ராக்கெட்டில் வைத்தால் என்ன?

கேள்வி கேட்டவர் மூன்று சந்தேகங்களை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். 11.2 கி.மீ. வேகம் இல்லாமல் பூமியை விட்டுப் போக முடியாதா, சூரியனில் நடப்பதும் கூடங்குளத்தில் நடப்பதும் ஒன்றா, அணுவில் அவ்வளவு சக்தி இருந்தால் ராக்கெட்டில் ஏன் இன்னும் எண்ணெயையும் ஹைட்ரஜனையும் எரிக்கிறார்கள் என்று.

நான் வள்ளியூரில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் ட்யூஷன் எடுக்கிறேன். எங்களுக்கு மேற்கே மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கிறார்கள். தெற்கே கடலோரம் கூடங்குளத்தில் அணு உலை. நடுவில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு "சார், அந்தச் சவத்து உலையத் தூக்கி இந்த ராக்கெட்டுல வச்சிர வேண்டியதுதானே?" என்று தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கேள்வி நல்ல கேள்விதான். பதில்தான் கொஞ்சம் நீளம்.

முதலாவது: 11.2 கட்டாயம் இல்லை. புத்தகத்தில் வரும் விடுபடு வேகம், எஞ்சின் இல்லாமல் தரையிலிருந்து ஒரே வீச்சில் எறியப்படும் பொருளுக்கானது. காற்றையும் கணக்கில் சேர்ப்பதில்லை. எறிந்த பிறகு தள்ள ஆள் இல்லை என்பதால், முழுப் பயணத்துக்குமான ஆற்றலைக் கிளம்பும்போதே கொடுத்துவிட வேண்டும். ராக்கெட்டுக்கு அந்த நெருக்கடி இல்லை. எரிபொருள் தீராமல் இருந்தால் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், நாகர்கோவில் பஸ் போகிற கணக்கில் ஏறிக்கொண்டே போகலாம். மேலே போகப் போக விடுபடு வேகமும் இறங்கிக்கொண்டே வரும். தொலைக்காட்சி செயற்கைக்கோள்கள் இருக்கும் 36,000 கி.மீ. உயரத்தில் அது நொடிக்கு 4.3 கி.மீ.தான். நிலா இருக்கும் தூரத்தில் ஒன்றரைக்கும் கீழே.

அப்படியென்றால் ஏன் யாரும் நிதானமாகப் போவதில்லை? நின்ற இடத்தில் நிற்பதற்கே ராக்கெட் எரிபொருளைக் குடிக்கும். ஈர்ப்பு ஒவ்வொரு நொடியும் 9.8 மீட்டர் வேகத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ. உயரம் போக ஒரு மணி நேரம் ஆகும். அந்த 3600 நொடியில் ஈர்ப்பு பிடுங்கியது மட்டும் நொடிக்கு 35 கி.மீ. வேகத்துக்குச் சமம். 11.2-ஐ மிச்சப்படுத்தப் போய் 35-ஐத் தொலைத்த கதை. அதனால்தான் ராக்கெட் கிளம்பிய சில நிமிடங்களிலேயே அவசர அவசரமாக வேகம் எடுக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ராக்கெட்டுகளுக்கு 11.2 தேவையே இல்லை. தாழ்வான பாதையில் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளுக்கு நொடிக்கு 7.5-லிருந்து 7.8 கி.மீ. போதும். குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ஏவுதளமும் சிறிய ராக்கெட்டுகளுக்குத்தான். குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்கு, அதாவது பூமியை வடக்கு தெற்காகச் சுற்றும் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கை மேலே பறக்கக் கூடாது என்று வளைந்து போகிறது. அந்த வளைவில் வீணாகும் எரிபொருள் இங்கே மிச்சம்.

நிலாவும் பூமியின் பிடிக்குள்தான் இருக்கிறது. ஆகவே 2023 ஜூலை 14 அன்று கிளம்பிய சந்திரயான்-3 பூமியின் பிடியை முழுதாக அறுத்துக்கொண்டு போகவில்லை. அறுத்துக்கொண்டு போனது செவ்வாய்க்குப் போன மங்கள்யான். அதைக்கூட பிஎஸ்எல்வி ராக்கெட் ஒரே தள்ளாகச் செவ்வாய்க்குத் தள்ளவில்லை. நீள்வட்டப் பாதையில் விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் பூமிக்கு மிக அருகே வரும்போது எஞ்சினைக் கொஞ்சம் எரித்துப் பாதையை நீட்டிக்கொண்டே போனார்கள். கடைசியாக 2013 டிசம்பர் 1 அன்று அதன் எஞ்சின் 22 நிமிடம் எரிந்து நொடிக்கு 648 மீட்டர் கூட்டியது. பூமியின் கதை அத்தோடு முடிந்தது. அந்த எஞ்சினின் உந்துவிசை 440 நியூட்டன். இங்கே தரையில் 45 கிலோவைத் தாங்கிப் பிடிக்கும் விசை, அவ்வளவுதான்.

இனி ஆற்றல் கணக்கு. எனக்குப் பிடித்த இடம் இது. தரையிலிருந்து ஒரு கிலோவைப் பூமியின் பிடியிலிருந்து விடுவிக்க 6.25 கோடி ஜூல் வேண்டும். மின்வாரியக் கணக்கில் 17.4 யூனிட். வீட்டுக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் ஐந்தே முக்கால் கிலோவை அனுப்பிவிடலாம், காகிதத்தில்.

இப்போது எரிபொருளைப் பாருங்கள். திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் சேர்ந்த கலவைதான் பெரிய ராக்கெட்டுகளில் ஓடுவதில் சிறந்தது. மகேந்திரகிரியில் சோதிக்கும் கிரையோ (மிகக் குளிர்) எஞ்சினுக்கு இதுதான் தீனி. ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி, ஆக்சிஜன் மைனஸ் 183. இந்தக் கலவை ஒரு கிலோ எரிந்தால் கிடைப்பது 3.7 யூனிட். தேவை 17.4, கையில் இருப்பது 3.7. பூமியில் இருக்கும் எந்த வேதி எரிபொருளுக்கும் தன் எடையைத் தானே விடுவித்துக்கொள்ளும் தெம்பு கிடையாது.

பிறகு எப்படிப் போகிறது என்றால், எரிந்த வாயுவை ராக்கெட் கூடவே கூட்டிக்கொண்டு போவதில்லை. முக்கால்வாசியை வழியிலேயே உதறிவிட்டு மிச்சம் மட்டும் போகிறது. எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கை ரஷ்யப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி 1903-ல் வெளியிட்டார். (பள்ளி ஆசிரியர் என்பதைக் கொஞ்சம் அழுத்திப் படிக்கவும்.) கிரையோ எஞ்சினிலிருந்து வாயு வெளியேறும் வேகம் நொடிக்கு சுமார் 4.3 கி.மீ. அதை வைத்து 11.2-ஐ எட்டினால் பதிமூன்றரை டன்னில் ஒரு டன் மிஞ்சும். அதே மகேந்திரகிரியில் ஓட்டிப் பார்க்கும், வேறு எரிபொருளில் ஓடும் விகாஸ் எஞ்சினுக்கு அந்த வேகம் 2.9-ஐ ஒட்டி. அதை மட்டும் நம்பிப் போனால் ஐம்பது டன்னில் ஒரு டன். டாங்கி, எஞ்சின் எல்லாம் அந்த ஒரு டன்னுக்குள்தான். காற்றின் தடையும் ஈர்ப்பு பிடுங்குவதும் தனி. சந்திரயான்-3 ஏறிப் போன எல்விஎம்-3 ராக்கெட் கிளம்பும்போது 640 டன். விண்கலம் 3.9 டன்.

ஆக, வேதியியல் கையை விரித்துவிட்டது. அணுவுக்குப் போகலாம். யுரேனியம்-235 ஒரு கிலோ முழுதாகப் பிளந்தால் ஏறத்தாழ 2.3 கோடி யூனிட் வெப்பம். ஹைட்ரஜன் ஒரு கிலோ ஹீலியமாக இணைந்தால் 17.5 கோடி யூனிட். 3.7 எங்கே, இது எங்கே! "பெறவு என்னத்துக்கு சார் யோசிக்கணும்?" என்று பையன் துள்ளுவது இந்த இடத்தில்தான்.

முதலில் சூரியனைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சூரியன் சூடாக இருப்பதற்குக் காரணம் அணுசக்தி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். சூரியனின் பரப்பிலிருந்து விடுபடு வேகம் நொடிக்கு 618 கி.மீ. சூரிய மையத்தின் வெப்பநிலை சுமார் 1.5 கோடி டிகிரி. அந்தச் சூட்டில் ஒரு புரோட்டான் (ஹைட்ரஜன் அணுவின் கரு) அலையும் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 610 கி.மீ. இவ்வளவு நெருக்கமாக அமைந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே அளவில் இருப்பது தற்செயல் இல்லை.

விடுபடு வேகத்தைத் திருப்பிப் போட்டால், வெகு தொலைவிலிருந்து விழும் பொருள் வந்து மோதும் வேகம் கிடைக்கும். சூரியன் ஒரு காலத்தில் பரந்து கிடந்த வாயு. தன் ஈர்ப்பாலேயே தனக்குள் விழுந்தது. விழுந்த வேகம்தான் உள்ளே சூடாக மாறியது. ஆகவே சூரியன் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது ஈர்ப்பு. அணுவினை செய்வதெல்லாம், வெளிச்சமாகக் கசிந்து போகும் ஆற்றலை ஈடுகட்டி, மேலும் சுருங்காமல் தாங்குவது.

அணுவினை இல்லாவிட்டாலும் சூரியன் சுருங்கிச் சுருங்கியே பிரகாசித்திருக்கும், இரண்டு மூன்று கோடி வருடத்துக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்பியலாளர் கெல்வின் போட்ட கணக்கு அதுதான். பாறைகளைப் படித்தவர்கள் பூமியின் வயது அதைவிட ரொம்ப அதிகம் என்றார்கள். சண்டை பல ஆண்டு நீண்டது. 1920-ல் வானியலாளர் எடிங்டன், ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது குறையும் நிறைதான் சூரியனின் சேமிப்பு என்று யூகித்தார். நான்கு ஹைட்ரஜன் சேர்ந்து ஒரு ஹீலியம் ஆகும்போது 0.7 விழுக்காடு நிறை காணாமல் போய் ஆற்றலாகிறது. ஆனால் அதற்கு இந்தச் சூடு போதாது என்று இயற்பியலாளர்கள் மறுத்தார்கள். போதாது என்பது நிஜம்தான். இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் மின்விசையை நேருக்கு நேர் மோதி வெல்ல, இருப்பதைப் போலப் பல நூறு மடங்கு ஆற்றல் வேண்டும். எடிங்டன் அசரவில்லை, நட்சத்திரத்தைவிடச் சூடான இடம் இருந்தால் போய்த் தேடிக்கொள்ளுங்கள் என்றார். 1928-ல் இயற்பியலாளர் காமவ் வழி காட்டினார்: நுண்துகள்களுக்கான குவாண்டம் விதிப்படி துகள் அந்தத் தடையை ஏறிக் கடக்க வேண்டியதில்லை, அபூர்வமாக ஊடுருவியும் போகலாம். 1930-களின் கடைசியில் இன்னொரு இயற்பியலாளர் பெத்தே முழு வினையையும் படிப்படியாக எழுதினார். 1967-ல் நோபல்.

அந்த "அபூர்வமாக" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஊடுருவினாலும் போதாது, நெருங்கிய அந்தக் கணத்திலேயே ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாற வேண்டும். அது அதைவிட அபூர்வம். சூரிய மையத்தில் ஒரு புரோட்டான் தனக்கு ஜோடி கிடைக்கச் சராசரியாக 900 கோடி, 1000 கோடி வருடம் காத்திருக்கிறது. அதனால் சூரிய மையத்தில் ஒரு கன மீட்டரில் வெளிவரும் வெப்பம் முந்நூறு வாட்டுக்கும் குறைவு. நம்மூர் எருக்குழி உள்ளுக்குள்ளே வெதுவெதுவென்று இருக்குமே, ஏறக்குறைய அந்த லட்சணம்தான். ஒரு கிலோவுக்கு எவ்வளவு வெப்பம் என்று பார்த்தால் என் உடம்பு சூரியனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு ஒசத்தி. சூரியன் ஜெயிப்பது பருமனால் மட்டும்.

இப்போது கூடங்குளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒரு உலை தருவது 1000 மெகாவாட் மின்சாரம், அதற்காக உள்ளே உண்டாகும் வெப்பம் சுமார் 3000 மெகாவாட். இதே வெப்பத்தைச் சூரிய மையத்திலிருந்து எடுக்க வேண்டுமானால் ஒரு கோடி கன மீட்டர் வெட்டியெடுக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 220 மீட்டர். இதைத் தூக்கி எந்த ராக்கெட்டில் வைப்பது? பூமியில் அணுக்கரு இணைவு உலை கட்ட முயல்கிறவர்களும் சூரியனைக் காப்பியடிக்கவில்லை. சாதா ஹைட்ரஜனை விட்டுவிட்டு டியூட்டீரியம், டிரிட்டியம் என்று எளிதில் இணையும் கனமான ஹைட்ரஜன் ஜோடியை எடுத்துக்கொண்டு, சூரிய மையத்தைப் போலப் பத்து மடங்கு சூட்டுக்குப் போகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது. சூரியனில் லேசான கருக்கள் இணைகின்றன, கூடங்குளத்தில் கனமான கரு பிளக்கிறது. உலையில் போரான் கலந்த தண்ணீரும் கட்டுப்பாட்டுத் தண்டுகளும் வைத்து வினையை அடக்க வேண்டும். சூரியனுக்கு ஆபரேட்டர் தேவையில்லை. மையம் கொஞ்சம் கூடுதலாகச் சூடானால் விரியும், விரிந்தால் ஆறும், வினை குறையும். யுரேனியம் எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதுவது போன்ற பெரும் அமளிகளில்தான் அவ்வளவு கனமான கருக்கள் உருவாகின்றன. மணவாளக்குறிச்சி மணலில் இருக்கும் தோரியமும் அதே வகையறா. நட்சத்திரத்தின் ஈர்ப்பு எப்போதோ அழுத்தி வைத்த ஆற்றலைத்தான் கூடங்குளத்தில் அவிழ்க்கிறார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

மூன்றாவது. யுரேனிய உலையை ராக்கெட் எஞ்சினாக்கலாம், ஆக்கியும் பார்த்தார்கள். 1960-களில் அமெரிக்கா நெவாடா பாலைவனத்தில் நெர்வா என்ற எஞ்சினைத் தரையில் ஓட்டியது. அதில் எதுவும் எரிவதில்லை, திரவ ஹைட்ரஜனை உலைக்குள் விட்டுச் சூடாக்கிப் பின்னால் விடுவதுதான் வேலை. வாயு வெளியேறும் வேகம் நொடிக்குச் சுமார் 8 கி.மீ., கிரையோவின் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கீழே. யுரேனியத்தில் எரிபொருளைப் போல அறுபது லட்சம் மடங்கு ஆற்றல் இருந்தும் வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, கவனித்தீர்களா? உலை உருகிவிடாமல் எவ்வளவு சூடாக்கலாம் என்பதுதான் எல்லை. கிடைத்த லாபமும் சூட்டினால் வந்ததில்லை. கிரையோவில் வெளியே வருவது பெரும்பாலும் நீராவி, மூலக்கூறு எடை 18. நெர்வாவில் வெறும் ஹைட்ரஜன், எடை 2. லேசான மூலக்கூறு வேகமாக ஓடுகிறது.

அந்தத் திட்டத்தை 1973-ல் நிறுத்திவிட்டார்கள், பறக்கவே இல்லை. உலையும் கதிர்வீச்சுத் தடுப்பும் சேர்ந்தால் எடை கூடிவிடுவதால் தரையிலிருந்து கிளம்ப அது தோதும் இல்லை. பேசுகிறவர்களும் சாதாரண ராக்கெட்டில் மேலே கொண்டுபோய், சுற்றுப்பாதை சேர்ந்த பிறகு உலையைத் தொடங்குவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கிளம்பும்போது வெடித்துச் சிதறினாலும், தொடங்காத உலையின் யுரேனியத்தில் கதிர்வீச்சு குறைவு.