குட்டையில் அட்டை: எந்த மீனை விடுவது?

கேள்வி: கன்னங்குறிச்சிக்கு மேலே, சேர்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் பண்ணைக்குட்டை உள்ளது. தண்ணீர் குடிக்க இறங்கும் மாடுகளின் காலிலும் மடியிலும் அட்டை ஏறிவிடுகிறது. அட்டையைத் தின்று ஒழிக்கும் மீன் உண்டா?

பதில்: அட்டையைத் தின்னும் மீன்கள் உண்டு, அடியோடு ஒழிக்கும் மீன் கிடையாது. பகலில் அட்டை கல்லின் அடியிலும் ஆகாயத்தாமரையின் வேரிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மாட்டின் குளம்பு தண்ணீரைக் கலக்கியதும் அந்த அதிர்வை உணர்ந்து, நாடா நெளிவதுபோல நீந்தி வரும். ஆகவே, கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் கொக்குக்கு அது அதிகம் சிக்குவதில்லை. இரவில் அடித்தரையைத் துழாவி மேயும் நாட்டுக் கெளுத்தியும், கரையோரப் புல்லில் பதுங்கியிருக்கும் விராலுமே உங்களுக்கு ஓரளவு உதவும். ஆனால் விரால் அட்டையை மட்டும் தின்றுகொண்டிருக்காது. கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டிருந்தால் முதலில் அவற்றைத்தான் காலி செய்யும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆப்பிரிக்கக் கெளுத்தியை வாங்கிவிடாதீர்கள். அது தடை செய்யப்பட்ட இனம். மழைக்காலத்தில் குட்டை நிரம்பி வழிந்தால் ஓடை வழியே திருமணிமுத்தாறு வரை போய், அங்குள்ள நாட்டு மீன்களை அழித்துவிடும்.

ஆமையும் அட்டையைத் தின்னும். எனினும் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் அதைப் பிடித்து வந்து விடக் கூடாது, தானாக வந்தால் இருக்கட்டும். தும்பியின் இளம்புழு குட்டி அட்டைகளைப் பிடிக்கும். ஆழமற்ற கரையோரத்தைச் சலித்து மேய்வதில் வாத்துக்கு நிகரில்லை. ஆனால் வாத்தின் மூக்குத்துளைக்குள்ளேயே புகுந்து இரத்தம் குடிக்கும் அட்டை இனமும் உண்டு என்பதால், தும்மிக்கொண்டு தலையை உதறும் வாத்தைத் தனியே பிரித்துப் பாருங்கள்.

என் அனுபவத்தில், இரைகொல்லிகளை நம்புவதைவிட ஒளிவிடத்தைக் குறைப்பதே பலன் தரும். மாடு இறங்கும் துறையில் களையையும் தளர்ந்த கற்களையும் அகற்றுங்கள். முடிந்தால் தண்ணீரை இறைத்து வெளியே தொட்டியில் காட்டுங்கள். கோடையில் குட்டை வற்றினாலும் அட்டை ஈரச்சேற்றுக்குள் புதைந்து காத்திருக்கும். எனவே வண்டலை வாரி வெயிலில் காய விடவேண்டும். மூடியில் ஆணியால் துளையிட்ட தகர டப்பாவில் ஆட்டு ஈரல் துண்டைப் போட்டு, அந்தியில் துறையோரம் அமிழ்த்தி, விடியுமுன் எடுத்தால் உள்ளே அட்டைகள் சேர்ந்திருக்கும். குட்டையில் உப்போ மயில்துத்தமோ கொட்டாதீர்கள்; அட்டையோடு மீனும் செத்து மிதக்கலாம்.

மாட்டின் மூக்கில் அட்டை புகுந்திருந்தால், இழுக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.